அறுபதாம் படியும் ஏழாம் நமூனாவும்

சர்க்காரிடம் கருணை என்று ஒன்று இருக்கிற செய்தி கண்ணாத்தாளுக்கு நாற்பத்திரண்டாம் வயதில்தான் தெரியவந்தது. அதுவரை சர்க்காரிடம் இருப்பதாக அவள் அறிந்தவை கிஸ்தி, போலீஸ், அம்மை குத்த வருகிற ஆள், இவ்வளவுதான். கருணையும் இருக்கிறது, அதை மனுப் போட்டு வாங்கலாம் என்று முதலில் சொன்னவர் ஊர் மணியக்காரர். அவரும் நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை.

"கோர்ட்டுல தூக்குன்னு எழுதியாச்சு அம்மிணி. இனி லாட் துரை பாத்துக் கருணை காட்டினாத்தான் உண்டு. அவரு எதுக்குக் காட்டறாரு? சின்னண்ணன் அவருக்கு மாமனா மச்சானா?" என்று சொல்லி அவர் சிரித்தார்.

சின்னண்ணன் கண்ணாத்தாளுக்கும் மாமன் மச்சான் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரன். அவள் புருஷன் அர்த்தநாரியைக் கொன்றதற்காக அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். அவன் கொல்லவில்லை என்பதைக் கண்ணால் கண்டவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவன்தான் கொன்றான் என்று கோர்ட்டில் ஏறிச் சொன்னவரும் அதே ஒருவர்தான். கண்ணாத்தாள்.

நடந்தது இதுதான். திருச்செங்கோட்டுக்கும் காவேரிக்கும் நடுவே உள்ள மேட்டாங்காட்டில் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கிணறு. ஒரு நாள் இவர்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. மாட்டைப் பூட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைக்கிற கவலை. மாடுகள் வாரிச் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவன் வடக்கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் பாரமும் சேர்ந்தால் சால் சுலபமாக மேலே வரும். அந்தப் பக்கத்தில் கவலை ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். அர்த்தநாரியின் வடம் பிரிபிரியாய்ப் போயிருந்தது. மாற்று, மாற்று என்று கண்ணாத்தாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுப்பு முடியட்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று காலையில் முறைத் தண்ணீருக்காகச் சண்டை வந்தது. சின்னண்ணன் மடையை உடைத்துத் தன் காட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான். போகும்போது, "இன்னிக்கு உன்ற பொணம் உழுகுதா இல்லையா பாரு!" என்று நாலு பேர் காதில் விழும்படி கத்தினான். மத்தியானம் வடம் அறுந்தது. மேலே உட்கார்ந்திருந்த அர்த்தநாரி பின்னால் விழுந்து, வாரியோரம் அடுக்கியிருந்த கல்லில் பிடரி அடிபட்டு, தண்ணீர் கூடக் கேட்காமல் செத்துப்போனான். மடை திருப்பிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் அதைப் பார்த்தாள். அப்போது சின்னண்ணன் காத வழி தள்ளிச் சந்தைக்குத் தனியே நடந்துகொண்டிருந்தான்.

மணியக்காரருக்கும் சின்னண்ணனுக்கும் ஏற்கெனவே ஆகாது. சப்-இன்ஸ்பெக்டருக்கோ அந்த வருஷம் கணக்குக் காட்ட ஒரு பெரிய வழக்கு வேண்டியிருந்தது. இருவரும் கண்ணாத்தாளிடம் இதமாகப் பேசினார்கள். மம்மட்டிக் காம்பால் அடித்தான் என்று சொன்னால் போதும், ஆறு மாதம் உள்ளே இருப்பான், அதற்குள் உன் வெள்ளாமை முழுசும் தண்ணீர் கண்டுவிடும் என்றார்கள். புருஷன் செத்த துக்கத்தோடு மடை உடைத்த கோபமும் அவளுக்கு இருந்தது. சொல்கிறேன் என்றாள்.

அவள் பொய்ச் சத்தியம் பண்ணுகிறவள் இல்லை. அதுதான் இதில் விசேஷம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சத்தியம் என்றால் திருச்செங்கோட்டு மலைக்கோயிலின் அறுபதாம் படிதான். ஈரத்துணியோடு அந்தப் படியில் ஏறி நின்று, கற்பூரத்தை அணைத்துச் சொன்னால் அது சத்தியம். அங்கே பொய் சொன்னவன் பாம்பு தீண்டிச் செத்ததையும், கண் அவிந்ததையும் ஆளுக்கொரு கதையாகச் சொல்வார்கள். நிலத் தகராறுகளில் முன்சீபு கோர்ட்டுகளே அந்தப் படிக்கு அனுப்பிச் சத்தியம் கேட்டுத் தீர்ப்பு எழுதியதாகவும் பேச்சுண்டு. செஷன்ஸ் கோர்ட்டிலோ டவாலி போட்ட சேவகன் ஒருவன் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எதையோ முணுமுணுத்தான். அவளும் திருப்பி முணுமுணுத்தாள். கற்பூரம் இல்லை, ஈரத்துணி இல்லை, படி இல்லை. கச்சேரிப் பேச்சு கச்சேரியோடு போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆறு மாதத்துக்குப் பதிலாகத் தூக்கு என்று வந்தது. ஹைகோர்ட்டும் சரி என்றுவிட்டது. கருணை மனு என்று மணியக்காரர் சொன்ன அன்றே கண்ணாத்தாள் நேரே சின்னண்ணன் காட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி பாப்பாயி சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க சாட்சிக்காரரே. இன்னும் யாரைத் தூக்குல ஏத்தோணும்? எங்கூட்டுல ஒரு எருமை இருக்குது. அதுகூட உங்க ஊட்டுக்காரரை ஒருநா மொறைச்சுப் பாத்துச்சு."

"ஆறு மாசம்னு சொன்னாங்க பாப்பாயி."

"ஆறு மாசமோ ஆறு நாளோ, எம் புருசனை உள்ள வெக்கறதுக்கு நீ யாருடி?"

"படியேறி நெசத்தைச் சொல்லிப்போடறேன். லாட் துரைக்கு மனுப் போடலாமாம்."

"ஏறு. சொல்லிப்போட்டு அங்கிருந்தே குதிச்சுரு."

மறுநாள் இரண்டு பேரும் ஜில்லாக் கச்சேரிக்குப் புறப்பட்டார்கள். பாப்பாயி பத்தடி முன்னால் போனாள். கண்ணாத்தாள் பத்தடி பின்னால் போனாள். பஸ்ஸிலும் ஒருத்தி முன் பெஞ்சு, ஒருத்தி பின் பெஞ்சு.

கச்சேரிக்கு எதிரே சைக்கிள் கடை நிழலில் மனு எழுதுகிற ராசு உட்கார்ந்திருந்தான். லாட் துரைக்கு என்றதும் அவனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. சமுத்திரம் சூழ்ந்த, சூரியன் அஸ்தமிக்காத, தர்மமே உருவான என்று ஆரம்பித்து இரண்டரைப் பக்கம் துரையை வணங்கினான். சின்னண்ணன் பெயர் மூன்றாம் பக்கத்தின் அடியில் வந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல வராதுங்களா?" என்றாள் பாப்பாயி.

"முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பேரு வந்தா துரைக்கு மனசு என்னமா இருக்கும்?" என்றான் ராசு.

உள்ளே தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் சரவணமுத்து மனுவை வாங்கினார். அவர் கோபமே வராத மனிதர். இருபத்தாறு வருஷமாக ஜனங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாலும் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை என்று அவருக்குப் பெயர் இருந்தது.

"நீ யாரம்மா?"

"செத்துப்போனவரோட சம்சாரமுங்க."

சிரஸ்தார் எழுந்து நின்றுவிட்டார். "அடடா! உனக்கு என் சந்தோஷத்தைத் தெரிவிக்கிறேன். செஷன்ஸ், ஹைகோர்ட்டு இரண்டிலும் நம் பக்கம் ஜெயித்திருக்கிறது."

"ஜெயிக்க வேண்டாமுங்க. அவரைத் தூக்குல போட வேண்டாமுங்க. அவரு அடிக்கலீங்க, வடம் அந்து உழுந்துட்டாருங்க."

சிரஸ்தார் உட்கார்ந்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "தோற்றவர் அப்பீல் செய்யலாம். அதற்கு அச்சடித்த படிவம், ஒரு நமூனா, இருக்கிறது. ஜெயித்தவர் அப்பீல் செய்ய நமூனா கிடையாதே. எதில் எழுதுவாய்?"

"காயிதம் இருக்குதுங்களே."

"காகிதம் இருக்கிறது. ஆனால் கால் பங்கு மடித்து ஓரம் விடவில்லை. மேலே உள்ள அதிகாரிகள் தங்கள் அபிப்பிராயத்தை எங்கே எழுதுவார்கள்? துரைமார் கருணை காட்ட வேண்டும் என்கிறாய், அதற்கு இடம் விட வேண்டாமா?"

மூன்று முறை எழுதி மூன்று முறை ஓரம் விட்ட பிறகு, கொலையுண்டவன் மனைவிக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று மனு திரும்பி வந்தது. பாப்பாயி பெயரில் போட்டார்கள். சாட்சி பொய் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேள்வி வந்தது. சொன்னவளே பொய் என்கிறாளே என்றாள் பாப்பாயி. சிரஸ்தார் அப்போதுதான் தம் புகழ்பெற்ற பேச்சைப் பேசினார். பக்கத்து மேஜைக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அம்மா, நீங்கள் எல்லோரும் ஒரு தவறு செய்கிறீர்கள். கருணையை இரக்கம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இரக்கம் யாருக்கு வேண்டுமானாலும் வரும். எனக்கே இப்போது வருகிறது. ஆனால் இரக்கத்துக்குச் சர்க்காரில் இலாகா கிடையாது. கருணைக்கு உண்டு. அதற்கு ஒரு மேல்செக்‌ஷன், ஒரு கீழ்செக்‌ஷன், இரண்டு பீரோ, ஒரு ரிஜிஸ்தர் இருக்கின்றன. இரக்கப்பட்டு அவற்றைத் தாண்டிக் காரியம் செய்தால் நாளைக்குக் கருணையை யார் மதிப்பார்கள்? கோர்ட்டில் சத்தியம் செய்து ஒன்று சொல்லியிருக்கிறாய். அதை வெல்ல அதைவிடப் பெரிய சத்தியம் கொண்டு வா."

"அதைவிடப் பெருசு இருக்குதுங்க," என்றாள் கண்ணாத்தாள்.

அடுத்து வந்த அமாவாசையன்று அவள் மலையேறினாள். குளித்த ஈரத்துணி உடம்பில் ஒட்டியிருந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது, மணியக்காரர் ஒருவரைத் தவிர. அறுபதாம் படியில் கற்பூரம் எரிந்தது. "சின்னண்ணன் எம் புருசனைத் தொடலே. வடம் அந்து உழுந்தாரு. கோர்ட்டுல நாஞ்சொன்னது பொய்யி," என்று சொல்லிக் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தாள். கை கொப்புளித்துப்போயிற்று. பாப்பாயி அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் பக்கத்தில் நின்றாள். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

சத்தியம் நடந்த செய்தி கச்சேரிக்குப் போனதும் சர்க்கார் தூங்கவில்லை. உடனே விசாரணைக்கு உத்தரவாயிற்று. சின்னண்ணன் கொன்றானா இல்லையா என்பதை விசாரிக்க அல்ல. அவள் நின்றது அறுபதாம் படிதானா என்பதை விசாரிக்க.

இதற்கென்று நியமனமான ஸ்பெஷல் டிப்டி கலெக்டர், ஒரு சர்வேயர், சங்கிலி பிடிக்கிற இரண்டு பேர், குடை பிடிக்கிற ஒருவன் ஆகியோருடன் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டார். முதல் நாள் கீழிருந்து எண்ணினார்கள். அறுபத்தொன்று வந்தது. இரண்டாம் நாள் மேலிருந்து எண்ணிக் கழித்தார்கள். ஐம்பத்தொன்பது வந்தது. அடியில் பாதி மண்ணில் புதைந்த ஒரு கல் படியா தரையா என்பதில் சர்வேயருக்கும் டிப்டிக்கும் அபிப்பிராய பேதம். அந்தக் கல்லைப் பற்றி மேலே எழுதிக் கேட்டார்கள். பதில் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. ஜெயிலில் சின்னண்ணனுக்கு அந்தப் பதினெட்டு நாளும் எப்படிப் போயின என்பது அந்தக் கோப்பில் இல்லை.

டிப்டி நேர்மையானவர். கண்ணாத்தாளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆனால் நிஜத்தைத் தவறான படியில் சொல்லியிருக்கக்கூடும். ஆகையால் ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று மூன்றிலும் தனித்தனியே சொல்லிவிடு."

கொப்புளம் ஆறாத கையோடு அவள் மூன்று படியிலும் மூன்று கற்பூரம் அணைத்தாள். டிப்டி அறிக்கை எழுதினார். நாற்பத்திரண்டு பக்கம், படிகளின் வரைபடம் ஒன்று. அதன் கடைசி வரியை ராசு படித்துக் காட்டினான்: மேற்படிப் படியில் செய்யும் சத்தியம் நிலம், வீடு, கிணறு முதலான அசையாச் சொத்துக்களுக்கு மட்டுமே ஏற்கப்பட்டு வந்த வழக்கமாகும். கைதியின் உயிர் அசையும் தன்மையுள்ளதாகையால் இந்தச் சத்தியம் அதற்குப் பொருந்தாது.

"அப்ப அவரு அரைக் காணி நெலமாப் பொறந்திருக்கோணும்," என்றாள் பாப்பாயி.

அதற்குள் சித்திரை பிறந்து வெயில் ஏறிவிட்டது. வெயில் ஏறினால் சர்க்கார் மலையேறும். சென்னையில் இருக்கிற லாட் துரை ஒரு மலைக்கும், டில்லியில் இருக்கிற அவரைவிடப் பெரிய லாட் துரை இன்னொரு மலைக்கும் போயிருந்தார்கள். கருணை செக்‌ஷனும் பீரோ சகிதமாகப் போயிருந்தது. மனு மலையேறி இறங்கி, இன்னொரு மலையேறி இறங்க வேண்டும் என்று சிரஸ்தார் விளக்கினார். "பயப்படாதே. குளிர்ந்த இடத்தில் இருந்தால் துரைமாருக்கு மனம் இளகும்."

இடையில் ஒருநாள் மத்திய ஜெயிலில் சின்னண்ணனைப் பார்க்க இரண்டு பேருக்கும் அனுமதி கிடைத்தது. ஜெயில் சூப்பரின்டெண்டு அவர்களைத் தராசு அறை வழியாக அழைத்துப்போனார். பெருமைக்கு அவருக்குக் காரணம் இருந்தது.

"வந்த அன்று நூற்றுப் பதினெட்டு ராத்தல். இன்று காலை நூற்று முப்பத்தொன்று!" என்றார். பாப்பாயியைப் பார்த்து, "உன் வீட்டில் அவனுக்குச் சரியாகச் சோறு போட்டதில்லை போலிருக்கிறதே," என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். "எடை தெரியாமல் எங்கள் வேலை நடக்காது. மூட்டையில் அவன் எடைக்கு ஒன்றரைப் பங்கு மணல் கட்டிக் கயிற்றைச் சோதிக்கிறோம். என் காலத்தில் இந்த ஜெயிலில் ஒரு கயிறு அறுந்தது கிடையாது."

கண்ணாத்தாள் நின்றுவிட்டாள். "அந்தக் கயித்துல ஒண்ணை எங்க கெணத்துக்குக் குடுத்திருந்தீங்கன்னா, எம் புருசனும் செத்திருக்கமாட்டாரு, இவரும் இங்க வந்திருக்கமாட்டாருங்க சாமி."

சூப்பரின்டெண்டு யோசித்தார். "நல்ல அபிப்பிராயம். விவசாய இலாகாவுக்கு எழுதுகிறேன்," என்று பாக்கெட் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் சின்னண்ணன் நின்றான். நிஜமாகவே சதை போட்டிருந்தான். ஆனால் கண் மட்டும் குழிக்குள் போயிருந்தது. கண்ணாத்தாளைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பினான். பிறகு திரும்பினான்.

"வடத்தை மாத்தச் சொல்லி நானும் சொன்னனே அக்கா, உங்கூட்டுக்காரருகிட்ட. மொறைச் சண்டைக்கு முந்தின நாளு."

"சொன்னே சாமி."

"எங்க மொறைத் தண்ணி இப்ப யாரு பாய்ச்சறாங்க?"

"நாந்தான் பாய்ச்சறேன். உங்க காட்டுக்கு. ஒரு நாளும் உடலே."

அவன் பாப்பாயியிடம் சொன்னான்: "ஒரு ஆபீசர் வந்து செஞ்ச தப்புக்குப் பச்சாதாபம் இருக்குதான்னு கேட்டாரு. மடையை ஒடைச்சதுக்கு இருக்குதுங்கன்னேன். அதுக்கு நமூனாவுல எடமில்லேன்னுட்டாரு. கொன்னதுக்கு இருக்குதான்னாரு. கொல்லாததுக்கு எப்படீங்க இருக்கும்னேன். இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. தப்பாச் சொல்லிப்போட்டனா?"

"நெசத்தைத்தான சொன்னே," என்றாள் பாப்பாயி.

"நெசஞ்சொன்னா என்னமோ ஆளைத் தப்பாப் பாக்கறாங்க இங்க," என்று அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "பாப்பாயி, வெளிய வந்தா இந்தத் துணியோட ஊருக்குள்ள வரமாட்டேன். ஒரு நல்ல வேட்டியாக் கொண்டா."

பச்சாதாபம் இல்லை என்ற குறிப்போடு மனு நின்றுபோனதாக அடுத்த வாரம் சிரஸ்தார் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அப்படி ஒரு யோசனை வந்ததில்லை என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார்.

"கைதிக்குப் பச்சாதாபம் இல்லை. சரி. உனக்கு இருக்கிறதா?"

"எனக்குச் சோறு எறங்கலீங்க. கண்ணை மூடுனா வடந்தான் தெரியுது."

"'ஆகாரம் செல்லவில்லை, நித்திரையில்லை.' மிகவும் நன்று!" சிரஸ்தார் பீரோவைத் திறந்து, ஓரத்தில் பூச்சி அரித்த ஒரு தாளை எடுத்தார். ஏழாம் நமூனா. இத்தனை நாளாக அதைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அவரே கைப்பட நிரப்பினார். ஓரம் விட்டு, மடித்து, அவளுடைய மூன்று படிச் சத்தியத்தையும் இணைத்தார். "இது போகும். தடையே இல்லை."

"இதுல சின்னண்ணன் பேரு இருக்குதுங்களா?"

"ஒன்பது இடத்தில் இருக்கிறது."

கண்ணாத்தாள் புண்ணாறின கையின் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். பாப்பாயி ஒன்பது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டாள். அன்று பஸ்ஸில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஏழாம் நமூனா நிஜமாகவே எங்கும் நிற்கவில்லை. அந்த வருஷம் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்த வெள்ளி விழா. விழாவுக்கு ஜில்லாவுக்கு ஒரு கருணையாவது காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. வளைவு, விளக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் எல்லாம் தயார். கருணைதான் கிடைக்காமல் கச்சேரி தவித்துக்கொண்டிருந்தது. ஓரம், முத்திரை, சத்தியம், பச்சாதாபம் எல்லாம் குறைவின்றி இருந்த ஒரே கோப்பு ஏழாம் நமூனாதான். அது மலையேறிய வேகத்தில் இறங்கி வந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கச்சேரிப் பியூன் ஊருக்கே வந்தான். "மனு பாஸாயிருச்சு! துரை கையாலே மைதானத்துல குடுக்கறாரு. கண்ணாத்தாள் குளிச்சு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வரோணும்!"

பாப்பாயி அன்றைக்கே ஒரு கரை வேட்டி வாங்கினாள். விழா நாளில் கைதிகளை விடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விழா அன்று விடியுமுன் ஜெயில் வாசலுக்கு ரயிலேறிப் போனாள். போகும்போது கண்ணாத்தாளின் கொப்புளத் தழும்பு விழுந்த கையை ஒருதரம் பிடித்தாள். "காயிதத்தை நீ வாங்கியா அக்கா. ஆளை நான் கூட்டியாறேன்."

மைதானத்தில் பாண்டு வாசித்தார்கள். கலெக்டர் துரை நடுவில் உட்கார்ந்திருந்தார். ஸ்பெஷல் டிப்டி எழுந்து, பட்டு நாடா கட்டிய தாளைப் பிரித்து, கணீரென்று வாசித்தார்:

"கொலை வழக்கு ஒன்றில் பொய்ச்சாட்சி சொல்லி நிரபராதி ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கச் செய்ததைத் தானாகவே ஒப்புக்கொண்டு, பூரண பச்சாதாபம் தெரிவித்திருக்கும் கண்ணாத்தாள் என்கிற இந்த விவசாயப் பெண்மணியின் குற்றத்தை, ராஜப்பிரதிநிதி அவர்கள் எல்லையற்ற கருணையால் மன்னித்து அருளியிருக்கிறார்கள்!"

கை தட்டினார்கள். கண்ணாத்தாளுக்கு ஒரு வார்த்தையும் விளங்காமல் இல்லை. எல்லாம் விளங்கிற்று.

"எனக்குங்களா? நான் எனக்குக் கேக்கலீங்களே! சின்னண்ணனுக்குங்க!"

சிரஸ்தார் ஓடிவந்து காதோடு சொன்னார்: "தன் குற்றத்துக்குத்தான் ஒருவர் மன்னிப்புக் கேட்க முடியும் அம்மா. அதனால்தானே தடையில்லாமல் போயிற்று? துரை பார்க்கிறார், சிரி."

"பொய்ச் சாட்சின்னு இப்ப நீங்களே படிச்சீங்களே. நிரபராதின்னு படிச்சீங்களே. அப்ப அவரு எங்கீங்க?"

"அது வேறே கோப்பு."

"அவரை எப்ப உடுவீங்க?"

சிரஸ்தார் குரலைத் தாழ்த்தினார். அப்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை. "தூக்குக்கு முதலில் குறித்தது இன்றைய தேதி. விழா நாளில் அது மரியாதையாக இராது என்று நேற்றுக் காலையே முடித்துவிட்டார்கள். வீட்டாருக்குத் தபாலில் எழுதியிருக்கிறது."

கண்ணாத்தாள் அலறினாளா என்று பிற்பாடு யாருக்கும் நிச்சயமில்லை. பாண்டுச் சத்தம் அப்படி இருந்தது. மன்னிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு ரிஜிஸ்தரில் ரேகை வைக்கச் சொன்னார்கள். அவள் கட்டைவிரலை உள்ளே மடித்துக் கையை இறுக மூடிக்கொண்டாள்.

"கோர்ட்டுல இந்த வெரலை வெச்சதுல ஒரு உசுரு போயிருச்சு. எனக்கு வேண்டாமுங்க உங்க மன்னிப்பு. என்னையும் தூக்குல போடுங்க. போடுங்கய்யா!"

வேண்டாம் என்று எழுத ரிஜிஸ்தரில் இடம் இருக்கிறதா என்று டிப்டி பார்த்தார். இல்லை. இரண்டு சேவகர்கள் பணிவாக அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கற்பூரத் தழும்புக்கு மேலே இருந்த கட்டைவிரலில் மை தடவி, ரேகையை எடுத்துக்கொண்டு, மன்னிப்புத் தாளை அந்தக் கையிலேயே திணித்தார்கள். சிரஸ்தார் எதிரே இருந்த குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: ஆனந்தக் கண்ணீர்.

பொழுது இறங்குகிற நேரத்துக்கு அவள் ஊர் சேர்ந்தபோது பாப்பாயி கிணற்று வாரியில் உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாத வேட்டி மடியில் இருந்தது. உறவினர் உரிய நேரத்தில் வராததால் ஜெயிலுக்குள்ளேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். எங்கே என்று கேட்டதற்கு, அதைக் காட்டுவதற்கு விதியில்லை என்று சொன்னார்களாம்.

"உன்ற கையில என்ன காயிதம்?" என்றாள் பாப்பாயி.

"மன்னிப்பு," என்றாள் கண்ணாத்தாள்.

"யாருக்கு?"

"எனக்கு."

"யாரு குடுத்தாங்க?"

"சர்க்காரு."

பாப்பாயி வேட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நடந்தாள். பழையபடி பத்தடி போன பிறகு நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"செத்தவன் எம் புருசன். உன்னை மன்னிக்கறதுக்கு அவிக யாரு? நான் இன்னும் மன்னிக்கலையே."

மறுவாரம் ஜில்லாக் கச்சேரியிலிருந்து இரண்டு மலைக்கும் ஒரே மாதிரி அறிக்கை போயிற்று. வெள்ளி விழாக் கருணை நல்ல முறையில் வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் திருப்தியுடன் வீடு திரும்பினார். கோப்பு முடிக்கப்பட்டது.